கேடயம் தருவது காலமே

ஒரு நாட்டைத் தாக்கப் பகைவன் துணியாதிருக்கச் செய்வது எது? அந்நாட்டின் வாளா, அன்றி அதன் கேடயமா? வேலும் வில்லும் தாங்கிய காலத்தில் எழுந்த இவ்வினா, ஏவுகணைகள் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் இக்காலத்திலும் தீர்ந்தபாடில்லை. தளபதிகளும் விஞ்ஞானிகளும் ஆராயும் இப்பெரும் பொருளை இளைஞராகிய நாம் கையிலெடுப்பது துணிச்சலென்று சிலர் கருதக்கூடும். ஆயினும், வானத்திலிருந்து வரும் ஆபத்து இன்னதென்பதை ஏட்டிலே மாத்திரமன்றி வாழ்விலும் அறிந்த ஊர் நமது தெல்லிப்பழை. ஆதலின் இதனைச் சிந்திக்க நமக்கு உரிமையுண்டு, கடமையும் உண்டு.

2024 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாளொன்றிலே, இளைஞர் சிலர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் கூடி நின்றோம். ஏப்பிரல் 13 ஆம் திகதி இரவு ஈரான், இஸ்ரேலை நோக்கி 300 இற்கு மேற்பட்ட ஆளில்லா விமானங்களையும் ஏவுகணைகளையும் ஏவியிருந்தது. அவற்றை இடைமறிக்க எழுந்த காவல் ஏவுகணைகள் இருண்ட வானில் ஒளிக்கோடு கீறி வெடித்தன. பார்ப்பதற்கு அது சப்பறத் திருவிழா இரவின் வாணவேடிக்கை போலவே இருந்தது. நம்மிலே சிலர் கைதட்டினோம். அருகே சாய்மனைக் கதிரையில் இருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சுட்டு விழுத்தினது சரி, தம்பி. துண்டுகள் எங்கை விழுந்தது?" என்று மாத்திரம் கேட்டார்.

எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. 1990 ஆம் ஆண்டு ஊரைவிட்டு எழுந்து, நெடுங்காலம் பிற இடங்களிலே வாழ்ந்து திரும்பியவர் அவர். வானத்தை அவர் பார்க்கும் பார்வை வேறு. நாம் பார்க்கும் பார்வை வேறு. அப்புத்தாண்டின் பெயரும் குரோதி என்பதாகவே அமைந்திருந்தது. அவருடைய கேள்விக்கு மறுமொழி தேடிய முயற்சியே இக்கட்டுரை.

கோட்டை கூறும் பாடம்

அரணைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். திருக்குறளின் 75 ஆவது அதிகாரம் அது. மேற்சென்று தாக்குவோருக்கும் அரண் வேண்டும், அஞ்சித் தம்மைக் காப்போருக்கும் அரண் வேண்டும் என்று தொடங்கும் அவ்வதிகாரம், அரண் எத்துணைச் சிறப்புடையதாயினும் உள்ளே நிற்போர் செயற்றிறன் அற்றவராயின் அஃது இல்லாததற்கே சமம் என்ற கருத்தோடு முடிகின்றது.

இக்கருத்துக்கு உரை காண நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கேயர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தர் 1658 இல் முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். பின்னர் அதனை ஐங்கோண வடிவிலே புதுக்கிக் கட்டினர். அகழியும் கொத்தளங்களும் வெளியரண்களும் கொண்ட அக்கோட்டையின் வேலைகள் நிறைவெய்திய ஆண்டு 1792. அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1795 இல், ஆங்கிலேயப் படை வந்தது. கோட்டை போரின்றியே கைமாறிற்று. தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கேடயம் ஒரு நாளேனும் பயன்படவில்லை. ஐரோப்பாவிலே ஒல்லாந்து நாடு நிலைகுலைந்திருந்தது. கடலிலே கப்பற்படை இல்லை. உதவி வருமென்ற நம்பிக்கையும் இல்லை. கல் உறுதியாக நின்றது. கல்லுக்குப் பின்னால் நின்றோர் உறுதியாக நிற்க முடியவில்லை.

பகைவனைத் தடுத்து நிறுத்துவன இரண்டு. ஒன்று, அடித்தால் திருப்பி அடிப்பான் என்னும் அச்சம். மற்றொன்று, அடித்தும் பயன் கிட்டாது என்னும் ஐயம். முன்னதைத் தருவது வாள். பின்னதைத் தருவது கேடயம். இரண்டும் குடிகொள்ளும் இடம் ஒன்றே. அது பகைவனின் மனம். யாழ்ப்பாணக் கோட்டை பகைவனின் மனத்திலே அச்சத்தையும் எழுப்பவில்லை, ஐயத்தையும் எழுப்பவில்லை. ஆகவே அது தடுக்கவில்லை.

மதிலைத் தாண்டி வந்த வாணம்

மதிலும் அகழியும் நிலத்தின்மேல் வருவோரைத் தடுக்கும். மதிலுக்கு மேலாகப் பறந்து வருவதை எதனால் தடுப்பது? இக்கேள்வியை உலகுக்கு விடுத்தவர்களில் நம் அயலவரும் உளர். மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயில் வெடிமருந்து அடைத்த வாணங்களைப் போர்க்கருவியாக்கினர். நமது கோயில்களிலே விடப்படும் வாணத்துக்கும் அதற்கும் தத்துவம் ஒன்றே. மூங்கிலுக்கும் காகிதத்துக்கும் பதிலாக இரும்பு வந்ததும், கூடிய அழுத்தத்தைத் தாங்கி நெடுந்தூரம் சென்றது. 1780 செப்டெம்பர் 10 ஆம் திகதி காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் நடந்த போரிலே கேணல் பெய்லியின் ஆங்கிலப் படை முற்றாகத் தோற்றது. அப்போரிலே மைசூரின் வாணங்கள் ஆற்றிய பங்கு பெரிது.

1799 இல் திப்பு வீழ்ந்தபின் அவ்வாணங்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வூலிச் என்னும் இடத்தில் வில்லியம் கொங்கிறீவ் அவற்றை ஆராய்ந்து புதிய ரொக்கெட்டுக்களைச் செய்தார். இராமேசுவரத்தில் 1931 இல் பிறந்து பிற்காலத்திலே இந்தியாவின் ஏவுகணைத் திட்டத்தை நடத்திய அப்துல் கலாம், அமெரிக்காவின் வொலொப்ஸ் தீவிலுள்ள விண்வெளி நிலையத்திலே திப்புவின் வாணப்படையைக் காட்டும் ஓவியமொன்றைக் கண்டு வியந்ததை எழுதியுள்ளார். தன் நாட்டவர் மறந்ததை அயல் நாட்டார் சுவரிலே மாட்டி வைத்திருந்தனர். அம்மனிதரைப் பற்றிப் பின்னரும் கூறுவோம். அதற்கு முன், நமது இலங்கையின் வானத்திலே நடந்ததொன்றைக் காண்போம். அங்கு வந்தவை ஏவுகணைகள் அல்ல, விமானங்கள். ஆயினும் வான் காவலின் முழுப் பாடமும் அதிலே அடங்கியிருக்கின்றது.

ஒரே கிழமை, இரு துறைமுகங்கள்

1942 பெப்புருவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. வெல்லற்கரிய கோட்டையெனப் பெயர்பெற்ற அத்தீவு வீழ்ந்ததும் அடுத்தது இலங்கையே என்ற அச்சம் எங்கும் பரவிற்று. நமது பலாலியில் வானூர்தித் தளம் அமைக்கப்பட்டதும் அப்போர்க் காலத்திலேதான்.

அவ்வாண்டு ஏப்பிரல் மாதம் நகுமோ என்னும் யப்பானியக் கடற்றளபதி ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்து சமுத்திரத்தினுள் நுழைந்தார். நான்கு மாதங்களின் முன் பேர்ள் துறைமுகத்தைத் திடீரெனத் தாக்கியதும் அவர் படையே. பிரித்தானியக் கிழக்குக் கடற்படையைத் துறைமுகத்தில் வைத்தே அழித்தல் அவர் நோக்கம். ஏப்பிரல் 4 ஆம் திகதி மாலை, கொக்கலையிலிருந்து எழுந்த கட்டலீனா விமானமொன்று இலங்கைக்குத் தென்கிழக்கே நெடுந்தொலைவில் அக்கப்பற்படையைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் லெனார்ட் பேர்ச்சல் என்னும் கனேடியர். கண்டவர் திரும்பி ஓடவில்லை. கிட்டச் சென்று எண்ணிப் பார்த்துக் கம்பியில்லாத் தந்தி வழியே செய்தியை அனுப்பினார். அனுப்பிக் கொண்டிருக்கையிலேயே பகை விமானங்கள் அவரைச் சுட்டு வீழ்த்தின. அவரோடு இருந்த ஒன்பதின்மரில் என்று சொல்லுதல் பிழை; அவரையும் சேர்த்தே ஒன்பதின்மர். மூவர் மாண்டனர், அறுவர் சிறைப்பட்டனர். செய்தி கொழும்பை எட்டியது.

அச்செய்தி கொடுத்தது ஓர் இரவு. அந்த ஓர் இரவிலே துறைமுகத்தில் நின்ற கப்பல்களிற் பல வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் யப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தன. தாக்குதல் வருமென்பது முதல்நாளே தெரிந்திருந்தும், இரத்மலானையில் இருந்த விமானிகளுக்கு உரிய எச்சரிக்கை எட்டவில்லை. பகை விமானங்களைத் தலைக்கு மேலே கண்டபின்பே அவர்கள் எழ நேர்ந்தது. உயரத்திலே இருப்பவனுக்கே வான்போரில் மேற்கை. கீழிருந்து எழுபவன் இலக்காகி விடுகிறான். திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோர்ட்பிஷ் விமானங்களும் அவ்வேளையிலே அகப்பட்டு அழிந்தன. துறைமுகத்தில் எஞ்சி நின்ற டெனிடோஸ், ஹெக்டர் என்னும் கப்பல்கள் அழிந்தன. ஆயினும், குதிரைப் பந்தயத் திடலிலே யப்பானியர் அறியாவண்ணம் அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்து எழுந்த விமானங்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. அதே நாளிற் கடலிலே டோர்செற்சயர், கோர்ண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் மூழ்கின. 424 பேர் மாண்டனர்.

நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 9 ஆம் திகதி, திருகோணமலையின் முறை வந்தது. முதல்நாள் கட்டலீனா விமானம் ஒன்று மீண்டும் பகைவரைக் கண்டறிவித்ததால் அன்றிரவே துறைமுகம் வெறுமையாக்கப்பட்டது. காலையிலே அங்கிருந்த ராடர் நிலையம் ஏறக்குறைய 90 மைல் தொலைவிலேயே பகை விமானங்களைக் கண்டது. ராடர் என்பது வானொலி அலைகளை அனுப்பி, அவை ஒரு பொருளிற் பட்டுத் திரும்பும் காலத்தைக் கணித்து அதன் தூரத்தை அறியும் கருவி. கிணற்றினுள் கூப்பிட்டு எதிரொலி கேட்பது போன்றது. அக்கருவி கொடுத்த சில நிமிடங்களிலே சீனன்குடாவில் நின்ற ஹரிக்கேன் விமானங்கள் மேலெழுந்து காத்து நின்றன. இழப்பு அங்கும் பெரிதே. எண்ணெய்த் தாங்கியொன்று எரிந்தது, தளம் சிதைந்தது. எனினும் காவலர் தரையிலே உறங்கியவராய் அகப்படவில்லை.

ஆனால் அன்று நடந்த பெருந்துயரம் வேறிடத்திலே. முன்னிரவு துறைமுகத்தை விட்டு நீங்கிய ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலிலே யப்பானியர் கண்ணிற் பட்டது. விமானந் தாங்குவதற்கென்றே வரையப்பெற்ற முதற் கப்பல் என்ற பெருமையுடைய அதன் தளத்திலே அன்று ஒரு விமானமேனும் இருக்கவில்லை. காவல் விமானங்கள் உரிய வேளையில் வந்து சேரவுமில்லை. சிறு பொழுதிற்குள் கப்பல் மூழ்கிற்று. அதனோடு 307 பேர் மாண்டனர்.

ஒரே பகைவன், ஒரே கிழமை. கொழும்பிலே கண் கண்டது, காது கேட்டது, கைக்குச் செய்தி போகவில்லை. திருகோணமலையிலே கண்ணும் கையும் இணைந்தன. மட்டக்களப்புக் கடலிலே மீண்டும் இணைப்பு அறுந்தது. வான் காவல் என்பது ஒரு கருவியன்று. காணுதல், அறிவித்தல், எழுதல் என்னும் மூன்றின் தொடர் என்பதை இதனினும் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது. அத்தொடரின் ஒவ்வொரு கண்ணியும் நமக்குத் தருவது காலம். பேர்ச்சல் தந்தது ஓர் இரவு. ராடர் தந்தது சில நிமிடங்கள். பயன் கண்டவர் பிழைத்தனர், தவறவிட்டவர் மாண்டனர்.

நகுமோவின் கப்பல்கள் பின்னர் இலங்கைப் பக்கம் வரவில்லை. நமது காவலே அவரை விரட்டியது என்று பெருமை பேசுதல் சரித்திரத்துக்குப் பொருந்தாது. அவர் தேடி வந்த கடற்படை மாலைதீவின் அட்டு என்னும் இடத்தை மறைவிடமாகக் கொண்டிருந்ததால் துறைமுகத்தில் அகப்படவில்லை. ஆகவே அவரது நோக்கம் முழுதும் நிறைவேறவில்லை. ஈராண்டல்ல, இரண்டே மாதத்தில், 1942 ஆனி மாதம் மிட்வே என்னும் கடற்போரிலே யப்பானியர் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தனர். அவற்றுள் மூன்று கொழும்புக்கு வந்தவையே. கேடயம் அடியைத் தாங்கியது. பகைவனின் வலிமையை முறித்தது வேறொரு களம்.

இலண்டனின் இருவகை ஆபத்து

விமானத்தை விமானம் எதிர்க்கலாம். ஆளில்லாமல் வரும் குண்டை எவ்வாறு எதிர்ப்பது? 1944 ஆனி 13 முதல் ஜேர்மனியர் இலண்டனை நோக்கி வி-1 என்னும் பறக்கும் குண்டுகளை ஏவினர். அவை விமானத்தின் வேகத்திலேயே வந்தன. ஆதலால் ராடரும், ராடரோடு இணைந்த பீரங்கிகளும், இலக்கை அண்மியதும் தானே வெடிக்கும் குண்டுகளும், வேக விமானங்களும், கம்பி கட்டிய பலூன்களும் ஒன்றுகூடி அவற்றை எதிர்த்தன. தொடக்கத்திற் பல தப்பிச் சென்றன. ஆவணி மாத இறுதியில் ஒருநாள், வந்த 90 இற்கு மேற்பட்டவற்றில் நான்கே இலண்டனை அடைந்தன. ஏறக்குறைய முற்றுப்பெற்ற கேடயம் அது.

அப்பொழுதே ஜேர்மனியர் அக்கேடயத்தைப் பொருளற்றதாக்கினர். செப்டெம்பர் 8 ஆம் திகதி வி-2 வந்தது. அது ஏவுகணை. ஏவிய இடத்திலிருந்து இலண்டனுக்கு ஐந்து நிமிடமளவிலே வந்து சேரும். ஒலியினும் பன்மடங்கு வேகத்தில் வருவதால், முதலில் வெடிப்பும் பின்னரே அதன் இரைச்சலும் கேட்கும். ஓடி ஒளியவும் நேரமில்லை. 1945 மார்ச் வரை 1,100 இற்கு மேற்பட்டவை பிரித்தானியாவில் வீழ்ந்தன. அவற்றுள் ஒன்றையேனும் வானில் தடுக்க இயலவில்லை. நிலத்திலே நேசப்படைகள் முன்னேறி ஏவும் இடங்களைக் கைப்பற்றிய பின்னரே அவை ஓய்ந்தன. இன்றைய ஏவுகணைகள் யாவும் வி-2 இன் வழித்தோன்றல்களே. காவலர் இழந்தது பலத்தையன்று, காலத்தை.

கேடயம் கண்டு வளர்ந்த வாள்

போருக்குப் பின் அணுகுண்டு ஏவுகணையின் தலையில் ஏறிற்று. அமெரிக்காவும் சோவியத் நாடும் இடைமறிக்கும் ஏவுகணைகளைச் செய்யத் தொடங்கின. 1967 ஆனி மாதம் அமெரிக்காவிலே கிளாஸ்பரோ என்னும் சிற்றூரில் இரு நாட்டுத் தலைவர்களும் கூடினர். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளர் மக்னமாரா விசித்திரமான ஒரு வாதத்தை முன்வைத்தார். நீங்கள் கேடயம் கட்டினால், அதனைத் துளைக்க நாங்கள் கூடுதலான ஏவுகணைகளைச் செய்வோம். ஆகவே கேடயத்தைக் கட்டாதிருங்கள் என்பது அதன் சாரம். சோவியத் பிரதமர் கோசிகின் இதனை ஏற்கவில்லை. மக்களைக் காப்பது அறம், கொல்வதே மறம் என்ற கருத்தில் வெகுண்டார்.

இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஒருவன் இரும்புக் கவசம் அணிந்து வாளையும் கையில் வைத்திருந்தால், அயலவன் அதனைத் தற்காப்பென்று மாத்திரம் எண்ணுவானா? அடித்துவிட்டு அடி படாமல் தப்பும் எண்ணமென்று ஐயுறுவான். அவ்வையமே அவனையும் ஆயுதம் பெருக்கத் தூண்டும். ஐந்தாண்டுகளின் பின் மக்னமாராவின் வாதமே வென்றது. 1972 மே 26 இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. இருசாராரும் இரண்டு இடங்களில் மாத்திரம், இடமொன்றுக்கு 100 ஏவுகணைகளுக்கு மேற்படாமல், காவல் வைக்கலாம் என்பது அதன் விதி. 1974 இல் அதுவும் ஓர் இடமாகக் குறைந்தது. தம்மைக் காத்துக்கொள்ளாதிருக்க இரு வல்லரசுகள் கையொப்பமிட்டமை சரித்திரத்திலே புதுமை. 1983 இல் அமெரிக்க சனாதிபதி றீகன் விண்வெளிக் கேடயம் பற்றிப் பேசினார். 2002 இல் அமெரிக்கா அவ்வொப்பந்தத்தை விட்டு விலகிற்று. அன்று முதல் கேடயமும் வாளும் தடையின்றி ஒன்றையொன்று வளர்க்கின்றன.

ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்கு

கேடயத்தைக் கருவிகள் காக்கும். கருவிகளைக் காப்பவர் யார்? 1991 வளைகுடாப் போரிலே அமெரிக்காவின் பேற்றியற் ஏவுகணைகள் பெரும் புகழ் பெற்றன. பெப்புருவரி 25 ஆம் திகதி, சவூதி அரேபியாவின் தஹ்ரானில், ஈராக்கிய ஸ்கட் ஏவுகணையொன்று அமெரிக்கப் படைவீரர் தங்கிய கட்டடத்தில் வீழ்ந்து 28 பேர் மாண்டனர். அங்கே காவலுக்கு நின்ற பேற்றியற் எழவேயில்லை.

காரணம் வியப்புக்குரியது. அதன் கணினி காலத்தைக் கணிக்கையில் மிகச் சிறியதொரு பிழை செய்தது. அணைக்காமல் ஓட ஓட அப்பிழை கூடிக்கொண்டே போகும். அன்று கருவி 100 மணித்தியாலத்துக்கு மேலாகத் தொடர்ந்து ஓடியிருந்தது. பிழை 0.34 விநாடியாக வளர்ந்துவிட்டது. அக்கணப்பொழுதிலே ஸ்கட் அரைக் கிலோமீற்றருக்கு மேல் சென்றுவிடும். ஆகவே கருவி தவறான இடத்திற் பார்த்து, வானில் எதுவுமில்லை எனத் தீர்மானித்தது. இஸ்ரேலியர் இக்குறையை இரு கிழமைகளுக்கு முன்பே கண்டறிவித்திருந்தனர். இடையிடையே அணைத்து ஏற்றினாலே போதுமாயிருந்தது. திருத்திய நிரல் தஹ்ரானை அடைந்தது மறுநாள். மட்டக்களப்புக் கடலிலே பிந்திய காவல் விமானங்களை நினைவூட்டும் நிகழ்ச்சியன்றோ இது! அரண் சிறந்ததாயினும் செயற்றிறன் வேண்டும் என்ற வள்ளுவரின் கருத்து கணினிக்கும் பொருந்துகின்றது.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

இனி நம் அயல்நாட்டுக்கு வருவோம். 1983 இல் இந்தியா, அப்துல் கலாமின் தலைமையிலே ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தைத் தொடங்கியது. பிருதிவி 1988 இலும் அக்கினி 1989 இலும் முதன்முறை ஏவப்பட்டன. 1998 இல் இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டுப் பரிசோதனை நடத்தின. 2003 இல் இந்தியா, அணுவாயுதத்தை முதலிற் பயன்படுத்துவதில்லை என்ற தன் கொள்கையை எழுத்திலே வெளியிட்டது. முதலடி அடிப்பதில்லை என்பவன் முதலடியைத் தாங்க வல்லவனாக இருத்தல் வேண்டும். கேடயத்தின் தேவை இங்கே எழுகின்றது.

2006 நவெம்பர் 27 இல் ஒரிசாக் கடற்கரைக்கு அப்பால் இந்தியாவின் முதல் இடைமறிப்புப் பரிசோதனை நடந்தது. பகை ஏவுகணையாக நடித்து எழுந்தது பிருதிவி. அதனை ஏறக்குறைய 50 கிலோமீற்றர் உயரத்திலே அழித்த காவல் ஏவுகணையும் பிருதிவியின் வழி வந்ததே. வாளும் கேடயமும் ஒரே பட்டறையில் ஒரே இரும்பில் அடிக்கப்பட்டவை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 2007 மார்கழி 6 ஆம் திகதி, தாழ்ந்த உயரத்தில் இடைமறிக்கும் மற்றொரு வகையும் வெற்றி கண்டது. மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை என்று ஈரடுக்காக அமைத்தலே இதன் முறை. முதல் வலையிலே தப்பியது இரண்டாவதிற் சிக்க வேண்டும்.

பாகிஸ்தான் வாளாவிருக்கவில்லை. 2017 தை மாதம் அபாபீல் என்னும் ஏவுகணையைப் பரிசோதித்தது. ஒன்று ஏறி, பல குண்டுகளாகப் பிரிந்து, வெவ்வேறு இலக்குக்குச் செல்லும் வகையினது அது. இப்பிராந்தியத்தில் வளரும் ஏவுகணைக் காவலை முன்னிட்டே அதனைச் செய்ததாக அந்நாட்டுப் படையினர் வெளிப்படையாகவே கூறினர். கிளாஸ்பரோவிலே மக்னமாரா எச்சரித்தது அரை நூற்றாண்டின் பின் நம் அயலிலே நிகழ்ந்தது.

அப்படியாயின் கேடயம் வீணோ? வீணன்று. 2024 ஏப்பிரலிலே வந்த 300 இற்கு மேற்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. இஸ்ரேலுக்கு அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் யோர்தானும் துணைநின்றன. மக்கள் கூட்டமாக மாண்டிருந்தால் அன்றே பெரும்போர் மூண்டிருக்கும். அவ்வாறு மாளாமையால் பதிலடியும் சிறிதாக அமைந்தது. ஆகவே கேடயம் காலத்தைத் தந்தது. அக்காலத்தைக் கொண்டு பகை தீர்க்கப்பட்டதா? இல்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் மீண்டும் ஏவுகணைகள் பறந்தன. 2025 ஆனி மாதம் போரே மூண்டது. கேடயம் இருந்தும் தாக்குதல் வந்தது. கேடயம் இருந்ததாற் பலர் பிழைத்தனர். இவ்விரண்டும் உண்மை.

பதுங்குகுழியும் பெரியவரின் கேள்வியும்

நமது ஊர்களிலும் கேடயம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் வளவுகள் தோறும் வெட்டப்பட்ட பதுங்குகுழியே அது. பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, மேலே மண்மூட்டை பரப்பி மூடுவர். ராடர் இல்லை, காதே ராடர். இரைச்சலைக் கொண்டே இன்ன விமானமென்று சொல்லச் சிறுவரும் பழகியிருந்தனர் எனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சத்தம் கேட்டதற்கும் குண்டு விழுவதற்கும் இடையில் இருந்த அச்சில நிமிடங்களே ஓர் இல்லத்தின் சொத்து. பதுங்குகுழி எவரையும் அச்சுறுத்தவில்லை; எவரையும் ஆயுதம் பெருக்கத் தூண்டவுமில்லை. எனினும் அது தாக்குதலைத் தடுக்கவுமில்லை; உயிரை மாத்திரம் காத்தது, அதுவும் எல்லா வேளையிலும் அன்று.

அன்று மறுமொழியின்றி நின்ற எமக்கு, பின்னர் படித்தறிந்ததில் விடை கிடைத்தது. அவ்விரவு வானிலே சிதறிய துண்டொன்று இஸ்ரேலின் தெற்கேயுள்ள நெகேவ் பாலை நிலத்தில், பெதுவின் அரபு மக்களின் குடியிருப்பொன்றில் வீழ்ந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி படுகாயமுற்றாள். அரசினால் ஏற்றுக்கொள்ளப்படாத அத்தகைய குடியிருப்புக்களிலே ஓடி ஒதுங்கப் பதுங்கிடமும் இல்லை. நாம் கைதட்டிய வாணவேடிக்கையின் துண்டு அங்கேதான் விழுந்தது. இதனை அப்பெரியவரிடம் சென்று சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். "அந்தப் பிள்ளை பிழைச்சுதோ?" என்று கேட்டார். பிழைத்தாள் என்றோம்.

அன்பர்களே! விஞ்ஞானம் கற்கும் நம் இளைஞர் நாளை ராடரும் செய்யலாம், ஏவுகணையும் செய்யலாம். அவ்வறிவை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. கலாமும் ஒரு கடற்கரையூரின் பிள்ளையே. ஆயினும் இரண்டை மறவாதிருப்போம். எத்துணை நுண்ணிய கேடயமும் தருவது ஓர் இரவு, சில நிமிடங்கள், ஒரு விநாடியின் பங்கு. அதனை விழிப்புடன் பயன்படுத்தும் மனிதர் இல்லையேல் அது கல்லும் இரும்புமே. மற்றொன்று, அக்கேடயத்தின் விளிம்புக்கு வெளியே எப்பொழுதும் ஒரு வீடு இருக்கும். கேடயம் தந்த காலத்தை, பகைக்குக் காரணமானதைத் தீர்ப்பதிலே செலவிடாத நாடு, அடுத்த அடிக்காகக் காத்திருக்கும் நாடே. அரண் காலத்தைத் தரும். அமைதியை மனிதரே ஆக்க வேண்டும்.